ஆயுள் சான்று ஏறவில்லை, பிபிஓ-வில் அம்மா பெயர் வேறு: எதை முதலில் சரி செய்வது?

ஆரணிக்காரன்:
அப்பாவுக்கு 78 வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட், 1988-ல் ஹவில்தாராக பென்ஷன் வந்தவர். அம்மாவுக்கு 71. இருவரும் கிராமத்தில் தனியாக இருக்கிறார்கள். பென்ஷன், பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளமான ஸ்பர்ஷுக்கு மாறிவிட்டது. நவம்பரில் பக்கத்து ஊர் மையம் ஒன்றில் ஆயுள் சான்று எடுத்தோம். சான்றின் எண்ணான பிரமாண் ஐடி எஸ்எம்எஸ்ஸும் வந்தது. ஆனால் ஸ்பர்ஷில் பார்த்தால் பதிவே இல்லை, பென்ஷனும் நின்றுவிட்டது. இப்போது மறுபடி எடுக்கப் போனால் கைரேகை விழ மாட்டேன் என்கிறது.

இதைப் பார்க்கப் போய்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. பென்ஷன் ஆணையான பிபிஓ-வில் அம்மா பெயர் 'லக்ஷ்மி', பிறந்த தேதி காலி. ஆதாரில் 'மகாலெட்சுமி'. அம்மாவுக்கு பான் கார்டு கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய ஹெட்கிளார்க்:
முதலில் ஆயுள் சான்று. ஐடி வந்தும் ஸ்பர்ஷில் ஏறவில்லை என்றால் பத்துக்கு எட்டு இடத்தில் காரணம் ஒன்றுதான்: படிவத்தில் பென்ஷன் தரும் அலுவலகம் என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் வங்கியைத் தேர்வு செய்திருப்பார்கள். சான்று வங்கிக்குப் போய்விடும். பணம் இப்போதும் அதே வங்கிக் கணக்கில்தான் விழுகிறது என்பதால் இந்தக் குழப்பம். வங்கி இப்போது வெறும் கணக்கு மட்டுமே, பென்ஷன் கொடுப்பது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகமான பிசிடிஏ.

மறுபடி எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று இவற்றைப் பாருங்கள்:

ஓய்வூதிய வகை 'சர்வீஸ்'. வழங்க ஆணையிடும் அதிகாரம் 'டிஃபென்ஸ் – பிசிடிஏ (பி)', அதில் அலகாபாத் அல்லது பிரயாக்ராஜ் என்று இருக்கும். கொடுக்கும் அலுவலகம் 'ஸ்பர்ஷ் – பிசிடிஏ பென்ஷன்ஸ்'. பிபிஓ எண் என்ற இடத்தில் ஸ்பர்ஷ் கொடுத்த 12 இலக்க எண். ராணுவத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கோடு இருக்கும் சாய்கோடு போட்ட பழைய எண் வேண்டாம். கீழே மறுவேலை, மறுமணம் என்று இரண்டு கேள்வி வரும். அவசரத்தில் அங்கே 'ஆம்' விழுந்துவிட்டால் சான்று நின்றுவிடும்.

கைரேகைக்கு: மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கட்டை விரலை விட்டு மற்ற விரல்களில் முயலுங்கள். விழவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் முக அடையாளத்துக்குப் போய்விடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' இரண்டும் வேண்டும். முதலில் ஆபரேட்டர் முகம் கேட்கும், அது உங்களுடையதாக இருக்கலாம். அடுத்துத்தான் அப்பா முகம். இந்த வரிசை புரியாமல் இரண்டு தடவையும் ஒரே முகத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் எடுக்காது. கண்ணாடியைக் கழற்றி, சொல்லும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். காது மந்தமாக இருந்தால் தோளைத் தட்டிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அலையவைக்க மனமில்லை என்றால் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுப்பார். அஞ்சல் வங்கிச் சேவை, கட்டணம் 70 ரூபாய். அவரிடமும் அந்த ஸ்பர்ஷ் தேர்வைச் சொல்லியே ஆக வேண்டும்.

நின்ற மாதங்களின் பென்ஷன் எங்கும் போகாது. சான்று ஏறியதும் அரியராக வரும். 80 முடிந்த பிறகு நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1 முதலே எடுக்கலாம்.

குன்னூர் குளிர்:
ஆயுள் சான்று ஒரு வாரத்தில் முடிகிற வேலை. அம்மா பெயர்தான் மாதக்கணக்கில் இழுக்கும். அப்பா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். அவர் இல்லாத காலத்தில் 'லக்ஷ்மியும் மகாலெட்சுமியும் ஒருவரே' என்று அம்மா தனியாக நிரூபிக்க வேண்டி வந்தால், குடும்ப ஓய்வூதியம் தொடங்குவதே தள்ளிப்போகும்.

ஆனால் எடுத்த எடுப்பில் எதையும் திருத்தாதீர்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பாஸ்புக், நிலப் பத்திரம் எல்லாவற்றையும் பரப்பிவைத்து எந்தப் பெயர் அதிகம் என்று பாருங்கள். ஆதாரில் மட்டும் 'மகாலெட்சுமி' என்றால் ஆதாரை மாற்றுவதே சுலபம். எல்லாவற்றிலும் அதுதான் என்றால் ராணுவப் பதிவை மாற்ற வேண்டும். ஆதாரில் பெயரை 2 முறையும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். இங்கிலீஷ் எழுத்தையும் கவனியுங்கள். வடக்கத்தி கிளார்க் 'எக்ஸ்' போட்டு எழுதிய லக்ஷ்மியும், நம்மூரில் 'டி' போட்டு எழுதும் லெட்சுமியும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆள்.

பிறகு வரிசை இப்படி: ஆதார், பான், வங்கிக் கணக்கு, ரெக்கார்ட் ஆபீஸ் (ரெஜிமென்டின் பதிவு அலுவலகம்), கடைசியில் ஸ்பர்ஷ். பானுக்கு முன் ஆதார் ஏன் என்றால், வருமானவரித் தளத்தில் இலவசமாக உடனே கிடைக்கும் இ-பான் ஆதாரில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆதாரில் நாள், மாதம், வருடம் மூன்றும் இல்லாவிட்டால் அது கிடைக்கவும் கிடைக்காது. பழைய அட்டைகளில் வருடம் மட்டும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ராணுவப் பதிவை மாற்றுவதற்கு, அப்பா பெயரில் விண்ணப்பம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸுக்குப் போக வேண்டும். ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம், டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கம், பழைய பிபிஓ, இருவரின் ஆதார், பான் நகல், ஜோடியாக எடுத்த போட்டோ. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். அங்கே படிவமும் தருவார்கள், எது குறைகிறது என்று முன்கூட்டியே சொல்லியும் விடுவார்கள். பெயர் அடியோடு வேறாக இருந்தால் பத்திரிகை விளம்பரமும் கேட்கக்கூடும். அங்கே பதிவு மாற்றத்தை அறிவிக்கும் பார்ட் டூ ஆர்டர் வெளியான பிறகுதான் பிபிஓ திருத்தம். ஆர்டரின் நகலைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் புக்கோடு வையுங்கள்.

ஆரணிக்காரன்:
பிறந்த தேதி காலியாக இருப்பதால் என்ன கெடுதல்? பெயர் மட்டும் சரியானால் போதாதா? மருத்துவத்துக்கு, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ் கார்டு இருவருக்கும் இருக்கிறது.

சுபேதார் மகள்:
போதாது தம்பி. அப்பாவுக்கு 67 தாண்டிவிட்டதால், அவருக்குப் பின் அம்மாவுக்குக் கூடுதல் விகிதம் கிடையாது. நேராகச் சாதாரண குடும்ப ஓய்வூதியம்தான். கணக்கு, கம்யூட்டேஷன் (முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய பங்கு) கழிக்காத முழு அடிப்படை பென்ஷனில் சுமார் ஐந்தில் மூன்று பங்கு. அடிப்படை 22,000 என்று வைத்தால் 13,200, அதன்மேல் அகவிலைப்படி. இந்தத் தொகை உயர்வது அம்மா வயதை வைத்து: 80-ல் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40. தேதி காலியாக இருந்தால் 80 ஆனது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பெயர் திருத்தும் அதே விண்ணப்பத்தில் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள், இரண்டு வேலையாக வேண்டாம்.

வங்கிக் கணக்கு அப்பா பெயரில் மட்டும் இருந்தால் அம்மாவைச் சேர்த்து 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று மாற்றுங்கள். ஆனால் பென்ஷன் இறந்த நாள் வரைக்கும்தான். அதற்குப் பின் விழுந்த பணத்தை ஏடிஎம்மில் எடுத்தால் பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

இசிஹெச்எஸ்ஸில் தவறுவது அவசர நேரத்தில்தான். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் இசிஹெச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். பில்லை நாம் கட்டி, அவசரச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, இனம்வாரியான பில் வைத்துக் கேட்க வேண்டும். கிடைப்பது சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு மருத்துவத் திட்டம்) விகிதம்தான், கட்டியது முழுதும் வராது. பாலிகிளினிக் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

பழைய ஹெட்கிளார்க்:
ஒன்று விட்டுப்போனது. அம்மா ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அப்பாவுடையதாக இருக்கும், அல்லது என்றோ செத்துப்போன சிம்மாக இருக்கும். ஓடிபி அதற்குத்தான் போகும். அம்மா பெயரில் ஒரு சிம் வாங்கி, ஆயுள் சான்றுக்கு வரும் அதே தபால்காரரிடமே ஆதாரில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து யாருக்காவது பேசுங்கள், ரீசார்ஜும் தவற வேண்டாம்.