வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகளும் வடகிழக்குப் பருவமழையும்: ஒளிப்படங்கள் எதற்குச் சான்றாகும்?

கல்லாறு ஒளிப்படக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாற்றில், நீலகிரி அடிவாரத்தில் இயற்கை ஒளிப்படங்கள் எடுத்து வருகிறேன். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் வேளையில் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் கிழக்கிலிருந்து மலையை நோக்கிக் கூட்டங்கூட்டமாகப் போகின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு, சித்திரை வைகாசியில், இந்த இனங்களே எதிர்த்திசையில் சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இறங்கிப் போகின்றன.

பூச்சி முன்கூட்டிப் போனால் ஐப்பசி மழையும் முன்கூட்டி வரும் என்று இங்குள்ள பாக்குத் தோப்புகளில் வேலை செய்யும் பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோப்பிலேயே இருந்து பார்த்தவர்களின் சொல் என்பதால் அதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. என்னிடம் பல ஆண்டுகளாகச் சேர்ந்த படங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கிலுகிலுப்பைச் செடிகளில் மொய்த்திருக்கும் பூச்சிகளின் படங்கள். இவற்றைக் கொண்டு வலசையின் காலத்தைப் பற்றியோ, மழையுடன் அதற்குள்ள தொடர்பைப் பற்றியோ ஏதேனும் சொல்ல முடியுமா?

விலங்கியல் ஆசிரியை:

வணக்கம் ஐயா. கிலுகிலுப்பைச் செடியில் மொய்க்கும் கூட்டத்தை மட்டும் பார்த்து அது வலசை என்று சொல்ல இயலாது. அங்கு வருபவை பெரும்பாலும் ஆண் பூச்சிகளே. காய்ந்த தண்டு, வாடிய இலை, விதை ஆகியவற்றிலிருந்து அவை ஒருவகை ஆல்கலாய்டுகளை உறிஞ்சுகின்றன. பெண்ணைக் கவரும் மணப்பொருளைச் செய்யவும், பறவைகளிடமிருந்து காத்துக்கொள்ளவும் அவற்றுக்கு அது தேவைப்படுகிறது. தேள்கொடுக்குச் செடியிலும் இவ்வாறு கூடும். வலசை போகாமல் அந்த இடத்திலேயே வாழும் பூச்சிகளும் இப்படிக் கூடக்கூடும்.

ஆனால் அந்தப் படங்களில் வேறு செய்திகள் இருக்கின்றன. நீல வரியனின் பின்னிறக்கையை அடிப்பக்கமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆணாக இருந்தால், நரம்பை ஒட்டிச் சிறிய பை ஒன்று புடைத்துத் தெரியும். இறக்கை ஓரங்கள் கிழிந்து செதில் உதிர்ந்திருந்தால் பூச்சி பல நாள் பறந்து தேய்ந்தது என்றும், நிறம் பளிச்சென்று இருந்தால் அண்மையில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்தது என்றும் ஓரளவு கணிக்கலாம். ஆண், பெண் விகிதத்தையும் இறக்கைத் தேய்மானத்தையும் தேதிவாரியாக எழுதி வைத்தால், அழகுக்காக எடுத்த படமும் ஆய்வுக்கு உதவும்.

வலசைக்கு நேரடிச் சான்று, தலைக்கு மேலே ஒரே திசையில் கடந்து போகும் பூச்சிகள்தான். அவற்றைப் படமெடுத்தால் கலங்கலாக வரும் என்பதால் ஒளிப்படக்காரர்கள் பெரும்பாலும் அழித்துவிடுகிறார்கள். மலைமுகடும் வானமும் சட்டகத்துக்குள் வரும்படி எடுத்து, கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால், பறந்த திசையும் நேரமும் அந்தக் கலங்கலான படத்திலேயே பதிவாகிவிடும். தயவுசெய்து அவற்றை அழிக்காதீர்கள்.

மழைமானி:

பெரியவர்களின் கூற்றைச் சோதிக்க நான்கு வகை ஆண்டுகளும் வேண்டும்: பூச்சி முந்தி மழையும் முந்திய ஆண்டு, பூச்சி முந்தியும் மழை பிந்திய ஆண்டு, பூச்சி பிந்தியும் மழை முந்திய ஆண்டு, இரண்டுமே பிந்திய ஆண்டு. மனத்தில் நிற்பது முதல் வகைதான். நடுவிலுள்ள இரண்டையும் யாரும் நினைவில் வைப்பதில்லை. இது தோப்புக்காரர்களின் குறை அன்று, மனித நினைவே அப்படித்தான் வேலை செய்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும் என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு அது நகர்கிறது. வானிலைத் துறை தொடக்க நாளை ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பதால் மழையின் பக்கம் கவலை இல்லை. பூச்சியின் பக்கத்தில்தான் எழுத்து வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டும் சேர்ந்தே வந்தாலும், பூச்சி மழையை அறிந்து புறப்பட்டது என்று முடிவு கட்ட முடியாது. தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுவது அடங்கி, கீழைக்காற்று தலைப்படும் காலம் அது. அந்தக் காற்றே மழையையும் கொண்டுவரலாம், பூச்சிகள் மேற்கே போவதையும் எளிதாக்கலாம். ஆகவே காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று வீசும் காலையிலும் அவை தாழப் பறந்து மலையை நோக்கியே போகின்றன என்றால், காற்று தள்ளிக்கொண்டு போகிறது என்ற விளக்கம் வலுவிழக்கும்.

கல்லாறு ஒளிப்படக்காரர்:

இருவருக்கும் நன்றி. பறப்பவற்றை எப்படி எண்ணுவது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். அடர்த்தியாக வரும் நாளில் கண்ணால் பின்தொடரவே முடிவதில்லை.

சேர்வராயன் அடிவாரம்:

இரண்டு மரங்களுக்கு நடுவே மனத்தில் ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணுங்கள் ஐயா. திரும்பி வருபவற்றைத் தனியாகக் கழியுங்கள். பறக்கும்போது நீல வரியனையும் கருநீல வரியனையும் பிரித்தறிவது கடினம் என்பதால், 'வரியன்', 'கருப்பன்' என்று இரண்டு தொகுதிகளாக எழுதினாலே போதும். மேகம் மூடினால் பூச்சிகள் அமர்ந்துவிடும்; அதனால் வெயில், மேகம், காற்று மூன்றையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு பூச்சிகூட வராத காலையிலும் போய் நின்று சுழியம் என்று எழுதுவது. படமெடுக்க எதுவும் இல்லாத நாளில் கேமராக்காரர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதால், வலசை எந்த நாளில் தொடங்கியது என்பது நமக்குத் தெரியாமலே போகிறது.

வட அமெரிக்காவின் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தில் தங்கும் மெக்சிகோ மலைக்காடுகள் 1975-இல் அறிவியலாளர்களுக்குத் தெரியவந்தபோது, அதற்குப் பின்னால் பிரெட் அர்குஹார்ட்டும் நோரா அர்குஹார்ட்டும் பல்லாண்டுகள் தன்னார்வலர்களைக் கொண்டு இறக்கையில் ஒட்டுச்சீட்டு ஒட்டிச் சேர்த்த குறிப்புகள் இருந்தன. நம் வரியன்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

நான் சேலம் பக்கம், பூச்சிகள் புறப்படும் திசையில் இருக்கிறேன். புரட்டாசி பதினைந்திலிருந்து காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் எண்ணத் தொடங்குகிறேன். தாங்களும் அதே நேரங்களில் கல்லாற்றில் எண்ணினால், இரண்டு இடத்து எண்களையும் இங்கேயே தேதிவாரியாகப் பதிந்து, உச்சம் முதலில் இங்கு வந்து பிறகு அங்கு வருகிறதா என்று பார்க்கலாம். நடுவில் ஈரோடு, சத்தியமங்கலம் பக்கம் யாரேனும் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.