ரத்த அழுத்தத்திற்கு டிசெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கேட்பது முறையா?

திருவட்டாறு ஹவில்தார்:
மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி 2022 இறுதியில் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்கு முன் உடலைப் பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு எனது உயர் ரத்த அழுத்தத்தை ஆயுள் முழுவதற்கும் 30 சதவீத ஊனம் என்று மதிப்பிட்டுவிட்டு, அது ராணுவப் பணியால் உண்டானதுமல்ல, பணியால் கூடியதுமல்ல என்று எழுதியது. நோய் பீஸ் ஸ்டேஷனில் (எல்லைப் பதற்றம் இல்லாத அமைதியான பணியிடத்தில்) கண்டறியப்பட்டது என்பதே அதற்குச் சொன்ன ஒரே காரணம். அதற்குச் சற்று முன்புவரை நான் காஷ்மீர் எல்லையிலுள்ள குப்வாராவில் இருந்தேன் என்பதைப் போர்டு கணக்கிலெடுக்கவில்லை. முதல் மேல்முறையீட்டையும் இப்போது நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது மேல்முறையீடு செய்வதா, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்திற்குப் போவதா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்லவும்.

பழைய மெடிக்கல் ஜேசிஓ, நாகர்கோவில்:
தம்பி, மனம் நோகக் கூடாது. என் கருத்து வேறு. நம் மாவட்டத்தில் பிரஷர் மாத்திரை சாப்பிடாதவர் இருக்கும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே நோயோடு ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு யாரும் ஓய்வூதியம் தருவதில்லை. நூறு சதவீத ஊனத்திற்கு, கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. 50க்குக் கீழ் உள்ளதை 50 ஆக உயர்த்தும் சலுகைப்படி உங்கள் 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கொடுத்தால் ஊதியத்தில் 15 சதவீதம் மாதாமாதம் வரும். பயிற்சி விபத்தில் விரல்களை இழந்தவனை 40 சதவீதம் என்று மதிப்பிட்டால் அவனுக்கும் 50 தான். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்கு உறுத்துகிறது. இப்படிப்பட்ட கோரிக்கைகள் பெருகியதால்தான் 21.9.2023 முதல் இந்தப் பென்ஷனுக்குப் புதிய தகுதி விதிகளைக் கொண்டுவந்தார்கள் என்பது என் எண்ணம். அதன் சுமை இனி வெளிவரும் பிள்ளைகள் தலையில் விழுகிறது.

விளவங்கோடு சுபேதார்:
அண்ணாச்சி சொல்வது மனக்குறை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 1985இல் சேர்ந்து வலிப்பு நோயால் 1994இல் வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங்கின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்தது. சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படாமல் முழு உடல்தகுதியோடு எடுக்கப்பட்ட ஒருவருக்குப் பிறகு நோய் வந்தால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டும் பொறுப்பு ராணுவத்தைச் சேர்ந்தது. போர்டு தன் முடிவுக்குக் காரணம் எழுதியாக வேண்டும். 'பீஸ் ஸ்டேஷன்' என்ற இரண்டு சொற்களை எழுதிவிட்டு அதைக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் குப்வாராவில் தொடங்கி, சமவெளிக்கு வந்தபின் நடந்த பரிசோதனையில் தெரியவந்திருக்கலாம் அல்லவா?

பழைய மெடிக்கல் ஜேசிஓ, நாகர்கோவில்:
தரம்வீர் சிங் பாதியில் வெளியேற்றப்பட்டவர். இவர் பணிக்காலத்தை முடித்து, பென்ஷனோடு வந்தவர். மேலும், அந்தத் தீர்ப்பைக் காட்டினால் எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் சரியல்ல. விடுமுறையில் உறவினர் வீட்டில் தவறி விழுந்தவரின் கோரிக்கையை, பணியோடு தொடர்பில்லை என்று சொல்லி அதே உச்ச நீதிமன்றம் தள்ளியிருக்கிறது. தொடர்பைக் காட்ட வேண்டியது அவசியம்.

விளவங்கோடு சுபேதார்:
தொடர்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் வாதம் நிற்காது. சேர்ந்தபோது இருந்ததைவிடக் குறைந்த மருத்துவத் தகுதியோடு விடுவிக்கப்படுகிறவரை, நோயால் வெளியேற்றப்பட்டவராகவே கருத வேண்டும் என்று 1982ஆம் ஆண்டுத் தகுதி விதிகளே சொல்கின்றன. சதவீதத்தை உயர்த்தித் தரும் சலுகை பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் உண்டு என்பதை 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கு முடித்து வைத்துவிட்டது. விரல் இழந்தவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்றால் அவருக்குக் கூட்டிக் கேட்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்காக இவர் தன் உரிமையை விட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

மார்த்தாண்டம் சிக்னல்மேன்:
நியாய அநியாயத்தைப் பெரியவர்கள் பேசட்டும். கேட்டவருக்குப் பதில் சொல்கிறேன். இரண்டாவது மேல்முறையீட்டையும் அனுப்பிவிடுங்கள். வழிகளை முடிக்காமல் வந்தார் என்ற ஆட்சேபம் அதன்பின் எழாது. ஆறு மாதத்தில் இறுதிப் பதில் வராவிட்டால் தீர்ப்பாயத்தை அணுகச் சட்டமே இடம் தருகிறது. நிராகரித்துப் பதில் வந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுப் போட வேண்டும். நமக்குத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு பக்கம்தான், ஆனாலும் தமிழ்நாட்டில் குடியிருப்பவர் என்பதால் சென்னை அமர்வில் தாக்கல் செய்யுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். தாமதம் பென்ஷனையே அழித்துவிடாது, ஆனால் நிலுவையைத் தின்றுவிடும். 2008இல் வந்த தர்செம் சிங் தீர்ப்பின்படி, பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் நிலுவை கிடைக்கும். இன்னொன்று: வரும் நிலுவையில் பங்கு கேட்டுக்கொண்டு சிலர் வீடு தேடி வருவார்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டாம். மனு எழுத உதவி வேண்டுமானால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

திருவட்டாறு ஹவில்தார்:
நன்றி. இரண்டாவது மேல்முறையீட்டை இந்த வாரமே அனுப்புகிறேன். ஜேசிஓ அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். போர்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர் என்ற முறையில், நான் எந்தத் தாளைத் தேட வேண்டும்?

பழைய மெடிக்கல் ஜேசிஓ, நாகர்கோவில்:
என் கருத்தில் மாற்றமில்லை, கேட்டதற்குச் சொல்கிறேன். எல்லோரும் ரிலீஸ் போர்டின் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 தாளையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன், உங்களை முதன்முதலில் கீழ் மருத்துவத் தகுதிக்கு இறக்கிய போர்டின் ஏஎஃப்எம்எஸ்எஃப்-15 தாள் ஒன்று இருக்கும். நோய் தொடங்கிய தேதியும் இடமும் அதில்தான் முதலில் பதிவாகும். பின்வந்த போர்டுகள் பெரும்பாலும் அதையே பார்த்து எழுதும். உங்கள் ரெஜிமெண்டின் ஆவணங்களை வைத்திருக்கும் வெல்லிங்டன் ரெக்கார்ட்ஸுக்கு எழுதி, அதன் நகலையும் பணியிட விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். குப்வாராவில் தலைவலி, தலைசுற்றல் என்று சிக் ரிப்போர்ட் (உடல்நலமில்லை என்று ராணுவ மருத்துவரிடம்) போயிருந்தால் அந்தத் தேதியை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்படி ஒரு பதிவு இருந்தால், போர்டு எழுதியது தவறு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் சுபேதார் சொல்லும் அனுமானம் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

விளவங்கோடு சுபேதார்:
அந்த அனுமானத்திற்குப் பெயர்தான் சட்டம், அண்ணாச்சி.