செட்டிநாட்டுக்குக் குடும்பத்தோடு சென்று ஓடியவர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

சென்னையிலிருந்து ஒருவர்:

கடந்த மார்கழியில் நடந்த 21.1 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக, வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் ஏறி, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கானாடுகாத்தான் சென்றேன். எட்டுப் பங்காளிகளுக்கு உரிய எங்கள் பூர்வீக வீட்டில் இப்போது என் அப்பத்தா ஒருவர்தான் வசிக்கிறார். மற்றவற்றை விட்டுவிடுகிறேன், பதினேழாவது கிலோமீட்டரைப் பற்றி மட்டும் எழுத வேண்டும்.

ஓட்டப் பாதை எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆறு மாதம் பயிற்சி செய்திருந்தேன். கைக்கடிகாரமோ நாற்பது விநாடி பின்தங்கியிருப்பதாகக் காட்டியது. 86 வயது அப்பத்தா திண்ணையை விட்டிறங்கி, வாசற்படியில் நின்று, கறிவேப்பிலை மிதக்கும் நீர்மோர்ச் சொம்பை இரு கைகளாலும் நீட்டினார். நான் கையை அசைத்துவிட்டு ஓடிவிட்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோதும் சொம்பு நீட்டியபடியே இருந்தது.

1 மணி 59 நிமிடத்தில் முடித்தேன். மதியம் அவரே பரிமாறினார். கடைசியாக இலையில் மோர் ஊற்ற வந்தபோது, "இப்ப நேரம் இருக்காப்பா?" என்று கேட்டார். குத்திக் காட்டும் பழக்கம் அவருக்கு இல்லை, உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

நண்பர் தம் ஓட்டத்தை மாரத்தான் என்று சொல்லாததற்கு நன்றி. மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரம் 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. நம் பக்கத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் மாரத்தான் என்று பதாகை கட்டுவது, முழுத் தூரத்துக்காக உடலை வருத்திப் பயிற்சி செய்தவர்களுக்கு நியாயமாகாது.

மோரை மறுத்ததில் தவறில்லை என்பது என் கருத்து. சென்ற ஆண்டு ஓட்டத்தின் நடுவே எனக்குக் கண் இருட்டி, ஊருணிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் பத்து வயது மகள் ஓடிவந்து என் முகத்தைத் தன் பாவாடையால் துடைத்தாள். அவள் கை நடுங்கியதை நான் மறக்கவில்லை. அன்று யார் எதை நீட்டினாலும் வாங்கிக் குடித்திருந்தேன், பெரும்பாலும் வெறுந்தண்ணீர்.

ஆகவே புதிதாக ஓட வருபவர்களுக்குச் சொல்கிறேன். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்திலுள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடிக்கும்போது உடல் எடை கூடியிருந்தவர்களுக்கே இந்த ஆபத்து மிகுதியாக இருந்தது. முதல் நாள் இரவு, உறவினர் எவ்வளவு வற்புறுத்தினாலும், சுக்கா வறுவலைத் தள்ளிவைத்துவிட்டு இடியாப்பமோ இட்லியோ உண்ணுங்கள். பணியாரத்தை ஓடி முடித்த பிறகு சாப்பிடலாம். புதுக் காலணியைப் போட்டியன்று முதன்முதலாக அணியாதீர்கள். கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்ட ஒருவர்:

தேவகோட்டை ஐயா, முதலில் எழுதியவர் சொன்னது வெறுந்தண்ணீரை அல்ல, நீர்மோரை. நம் வீடுகளில் உப்பில்லாமல் நீர்மோர் ஆற்றுவார்களா? தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து, மீண்டும் நடந்தே திரும்பும் நகரத்தார் பெரியவர்கள், வழியில் ஊராட்கள் கொடுக்கும் மோரையும் பானகத்தையும் வாங்கிக் குடித்துத்தான் நடக்கிறார்கள். சோடியக் கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனால் சென்னை நண்பர் சொல்ல வந்தது மருத்துவம் அன்று.

என் மனத்தில் நிற்பது வேறு. என் கணவர் ஓடிவருவதைப் பார்க்க, மாமியாரும் நானும் பிள்ளைகளும் முகப்பில் நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். இங்குள்ள வீடுகளுக்கு ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு. பாதை எந்தத் தெருவில் வருகிறது என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. திடீரென வீட்டின் பின்பக்கமிருந்து கைதட்டும் ஓசை கேட்டது. என் மகன் "அப்பா!" என்று கத்திக்கொண்டு வளவு என்னும் நடுமுற்றத்தைக் கடந்து, இரண்டாங்கட்டைக் கடந்து, அடுப்படியைக் கடந்து ஓடினான், நானும் பின்னால் ஓடினேன். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துருவேறியிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்துத் திறப்பதற்குள் அவர் கடந்து போயிருந்தார். வியர்வையில் நனைந்த முதுகுதான் தெரிந்தது. மகன் கூப்பிட்ட குரல் அவர் காதில் விழவில்லை. வெளியூரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து நாங்கள் பார்த்தது அந்த முதுகை மட்டுமே.

சென்னையிலிருந்து, முதலில் எழுதியவர்:

உங்கள் பதிவுகளை நேற்றிரவு அப்பத்தாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மோரில் உப்பு போட்டிருந்தாரா என்று கேட்டதற்கு, உப்பும் இஞ்சியும் பெருங்காயமும் போட்டிருந்ததாகச் சொன்னார். பள்ளத்தூர்ச் சகோதரி வீட்டுத் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொல்லும்படியும் சொன்னார். அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பாதை மீண்டும் எங்கள் தெரு வழியாக வருமா என்று அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.