ரோட்லெவி – ரூபின்ஸ்டைன், 1907: வெள்ளை எங்கே தோத்தார்?

கட்டம்64:
செஸ்ல கறுப்பு ஆடுற டாரஷ் டிஃபென்ஸ்ங்கிற ஓப்பனிங்குக்கு உதாரணமா, இன்னிக்குப் போலந்துல இருக்குற லோட்ஸ் நகர்ல நடந்த இந்த கேமைப் பொண்ணுக்குப் போட்டுக் காட்டினேன். வெள்ளை ரோட்லெவி, கறுப்பு ரூபின்ஸ்டைன். 22-வது மூவ்ல தன் ராணி வெட்டுல நிக்கும்போதே ரூபின்ஸ்டைன் யானையால சி3 கட்டத்துல (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) இருக்குற குதிரையை எடுக்குறார். அடுத்த யானை டி2-ல. 25-ல ஆட்டம் முடிஞ்சது. "சரிப்பா, வெள்ளை என்ன தப்பு பண்ணினார்?"னு கேக்குறா. சும்மா விட்ட காய் ஒண்ணும் கண்ணுல படலையே?

திண்ணைக்குதிரை:
22-ஐ விடுங்க சார், 14-க்குப் போங்க. கறுப்பு பிஷப் பி7-க்கு வந்ததும் போர்டைப் பாருங்க. ராணி இ2, எதிர்ல இ7. பிஷப் பி2, டி3. எதிர்ல பி7, டி6. குதிரை, சிப்பாய் எல்லாம் அச்சு அசல். ஆனா கறுப்பு கேஸ்லிங் (ராஜாவை ஓரத்துல பத்திரப்படுத்துற மூவ்) முடிச்சு யானையை டி8-லயும் வெச்சாச்சு. வெள்ளை ராஜா இன்னும் இ1-லயே உட்கார்ந்திருக்கார்!

முதல்ல ஆடினவர் எப்படிப் பின்தங்கினார்? ராணியை டி2-ல வெச்சு, அப்புறம் இ2-க்கு மாத்தினார், ஒரு மூவ் போச்சு. பிஷப் டி3-க்கு வர்ற வரைக்கும் ரூபின்ஸ்டைன் சி4 சிப்பாயைத் தொடவே இல்லை. வந்ததும் வெட்டினார். அந்த பிஷப் சி4 போய்த் திரும்ப டி3 வரணும், இன்னொரு மூவ் காலி. இந்த டிஃபென்ஸ் ஆடுறவன் இதுக்காகத்தான் பொறுமையா இருப்பான்.

அப்பவும் தாக்குப்பிடிச்சிருக்கலாம். எனக்கு எரிச்சல் வர்றது 17-ல எஃப்4, அப்புறம் இ4, இ5. பின்தங்கினவன் கதவைத் திறக்கலாமா? இ சிப்பாய் நகர்ந்ததுல பி6-லேருந்து ஜி1-க்கும், பி7-லேருந்து எச்1-க்கும் ரெண்டு மூலைவிட்டமும் திறந்துபோச்சு. பிஷப் செக், ராஜா எச்1, குதிரை ஜி4. அதுக்கப்புறம் அழகா முடிக்கிற வேலைதான் பாக்கி.

கட்டம்64:
ராணியை விட்டுட்டு சி3 யானையை பிஷப்பால எடுத்தா?

திண்ணைக்குதிரை:
பி7 பிஷப் இ4-ல வெட்டி செக். வெள்ளை ராணி திருப்பி எடுத்தா, கறுப்பு ராணி எச்2-ல மேட். ஜி4 குதிரை தாங்குது, ஜி1-ஐ பி6 பிஷப் அடைச்சிருக்கு.

மெரான்பிரியன்:
அப்படியே 2013-ல நெதர்லாந்து விக் ஆன் ஸீ போட்டியில அரோனியனை ஆனந்த் கறுப்புல அடிச்ச கேமையும் காட்டுங்க, செமி ஸ்லாவ்ங்கிற ஓப்பனிங், 23 மூவ். ரெண்டு பிஷப்பும் ராஜா பக்கம், குதிரை ஜி4-ல, வெள்ளை எஃப்4 கூட உண்டு. எஃப்8-ல யானையை அரோனியன் எடுத்துக்கிட்டார், ஆனந்த் கண்டுக்கவே இல்லை. பாப்பாவுக்கு அந்த இடத்துல நிறுத்திக் கேளுங்க, அடுத்து என்னன்னு.