வெட்டினதா, கடிச்சதா?

செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக் கத்தரி பற்றி மூன்று பேரின் அனுபவம் இது.

மாடியில் 16 ரோஜாத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். முதலில் வாங்கிய கவாத்துக் கத்தரியில் ஒரு பக்கம் மட்டும்தான் கூர். அது எதிரே உள்ள தட்டைப் பட்டை மேல் போய் இறங்கும், பலகையில் வைத்துக் கத்தியால் நறுக்குவது போல. காய்ந்த குச்சிக்கு அது சரி. பச்சைத் தண்டை நசுக்கிவிடும். இது தெரியாமல் எல்லாச் செடியையும் வெட்டித் தள்ளினேன். இரண்டே வாரத்தில் வெட்டிய நுனிகளிலிருந்து கருகல் கீழே இறங்கியது. மருந்துகூட அடித்தேன், வீண் செலவு. நர்சரிக்காரர் ஒரு குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வெட்டினதா, கடிச்சதா?" என்றார்.

பச்சைத் தண்டுக்கு பைபாஸ் வகைதான் வேண்டும். அதில் கூரான அலகு, கொக்கி போன்ற எதிர் அலகை உரசிக் கடந்து போகும். பிடிக்கும்போது கூரான அலகு செடியில் நிற்கப் போகும் பக்கம், கொக்கி எறியப் போகும் பக்கம். மாற்றிப் பிடித்தால் நல்ல கத்தரியும் தண்டை நசுக்கும்.

அடுத்த முறை கடைக்கு நாலு ரோஜாக் குச்சியும் ஒரு பழைய நாளிதழும் கொண்டு போனேன். கடைக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும். நுனியால் வெட்டும்போது தாள் மடங்கினால் அலகுகள் ஒட்டி வரவில்லை என்று அர்த்தம். அலகுகள் பக்கவாட்டில் ஆடக் கூடாது. நடுவில் ரிவெட் அடித்திருந்தால் வாங்காதீர்கள். போல்ட், நட் இருந்தால்தான் கழற்றிச் சாணை பிடிக்கலாம், தளர்ந்தால் இறுக்கலாம்.

* * *

நான் இடதுகைக்காரி. சாதாரணக் கத்தரியைப் பிடித்தால் வெட்டும் இடமே அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். குத்துமதிப்பாக வெட்டி எத்தனை மொட்டு போயிருக்கும்! சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ நிறுவனம், தன் 2-ஆம் எண் கத்தரியையே இடதுகைக்கு 9-ஆம் எண்ணாகச் செய்கிறது. விலை தலையைச் சுற்றும். ஆனால் அலகு, ஸ்பிரிங் எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். அண்ணனிடம் சொல்லி வரவழைத்தேன்.

* * *

எங்களுக்கு மல்லித் தோட்டம். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டுக் கவாத்து. நூறு செடி வெட்டினால் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்று உள்ளங்கை சொல்லிவிடும், அதனால் கடையிலேயே ஐம்பது தடவை அழுத்திப் பார்ப்பேன். நோய்ச் செடியைத் தொட்டால் அலகை ஸ்பிரிட்டால் துடைப்பேன். சாயங்காலம் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. அப்புறம் ஒன்று, முருங்கைக் கிளைக்கு இந்தக் கத்தரியை நீட்டாதீர்கள். தம்பி இரண்டு கையாலும் அழுத்தி அலகை வளைத்து வைத்திருக்கிறான். இப்போது அது சணல் கயிறு வெட்டத்தான் ஆகிறது.