டிசம்பர் நடுவில் அமெரிக்கக் கல்லூரி ரிசல்ட் வரும் அந்த ஒரு மாலை: உங்கள் வீட்டில் எப்படிப் போனது?

எடிசன் அம்மா:

எல்லோரும் அடுத்து எங்கே அப்ளை செய்வது என்று பேசுகிறீர்கள், எனக்கு இன்னும் அந்த வியாழக்கிழமையே தீரவில்லை. பையன் ஈ.டி. போட்டிருந்தான், கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று ஒரே கல்லூரிக்குக் கட்டுப்பட்டு முன்கூட்டியே போடும் விண்ணப்பம். நவம்பர் 1-ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்குத்தான் சப்மிட் செய்தான், அப்புறம் ஆறு வாரம் வீட்டில் யாருமே அந்தக் கல்லூரியின் பெயரை வாயில் எடுக்கவில்லை. இங்கே நியூஜெர்சி எடிசனில் ஏழு மணிக்கு ரிசல்ட். நான் தோசைக்கல்லைப் போட்டு மாவை எடுத்து வைத்திருந்தேன். போனோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. வெளியே வந்து ஈர முகத்தோடு "டிஃபர்மா" என்றான். என் காதில் "ஆஃபர்மா" என்று விழுந்தது.

கரண்டியோடேயே அவனைக் கட்டிக்கொண்டேன், சட்டையெல்லாம் மாவு. திருச்சியில் அக்காவுக்கு போன் போட்டேன், அங்கே விடிகாலை ஐந்தே முக்கால், தூக்கத்திலிருந்து எழுப்பி "கிடைச்சிருச்சுக்கா" என்று அழுதேன். அவன் பக்கத்திலேயே நின்றான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு மேலே போய்விட்டான். எட்டரைக்கு இவர் வந்துதான், டிஃபர் என்றால் முடிவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், இனி மார்ச் கடைசியில்தான் தெரியும் என்று விளக்கினார். இரண்டு வருடமாக இந்த வீட்டில் இதே பேச்சு, அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவன் ஏன் என்னைத் திருத்தவில்லை?

மயிலாப்பூர்க்காரன்:

அக்கா, உங்கள் பையன் நின்ற மாதிரி நானும் நின்றிருக்கிறேன், ஆனால் என்னை இன்றுவரை விடாதது வேறு. இங்கே நமக்கு ரிசல்ட் வருவது காலை ஐந்தரைக்கு. மார்கழி, கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்துவிட்டது, அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான் உதவித்தொகை கேட்டு ஈ.டி. போட்டவன். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போல வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பணத்தைப் பார்க்காமல் சீட் கொடுக்கும் இடங்கள் கொஞ்சம்தான், நான் போட்டது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று, அங்கே பணம் கேட்டாலே வாய்ப்பு குறையும் என்று தெரிந்தேதான் போட்டேன். போர்ட்டல் திறக்க இருபது நிமிஷம் ஆனது. முதல் வரியிலேயே "வருந்துகிறோம்".

அப்பா பின்னால் நின்று படித்தார். அவர் டைரியில் ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு, வருஷத்துக்கு 90,000 டாலர், நம் பணத்தில் எழுபத்தைந்து லட்சம், நாலு வருஷம், எதை விற்றால் எவ்வளவு வரும் என்று பென்சிலால் எழுதி அடித்து எழுதியது. அந்த டைரியை மூடினார். அப்போது அவர் முகத்தில் ஒரு நொடி நிம்மதியைப் பார்த்தேன். உடனே தோளில் கை வைத்து "பரவாயில்லைடா" என்றார், அதுவும் உண்மையாகச் சொன்னதுதான். நான் இங்கேயே படித்து மூன்றாம் வருஷத்தில் இருக்கிறேன், நன்றாகத்தான் போகிறது. ஆனால் அந்த நிம்மதியைப் பார்த்ததை அவரிடம் சொன்னதில்லை, அவருக்கும் தெரிந்திருக்குமோ என்று இருக்கிறது.

ஃப்ரீமான்ட் அப்பா:

எடிசன் சகோதரி, டிஃபர் என்பது ரிஜெக்ட் இல்லை, முதலில் அதை மனதில் வையுங்கள். இந்த டிசம்பரில் நான் பார்க்கும் எல்லா வீட்டிலும் கதவு சாத்தியாகிவிட்டது போலப் பேசுகிறார்கள், அது பிள்ளையைத்தான் தாக்கும். ஈ.டி.யில் டிஃபர் ஆனதும் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது, அவன் வேறு எங்கும் சேரலாம். இரண்டாவது ஈ.டி. வைத்திருக்கும் கல்லூரிகளில் பலவற்றுக்கு ஜனவரி முதல் வாரம்தான் கடைசி நாள், முடிவும் பிப்ரவரி நடுவிலேயே வந்துவிடும். டிஃபர் செய்த கல்லூரிக்கு ஒரு கடிதம் போக வேண்டும், பிள்ளைகள் லோசி என்பார்கள், இன்னும் உங்களிடம்தான் வர விரும்புகிறேன் என்று ஒரு பக்கத்துக்குள், நவம்பருக்குப் பிறகு புதிதாகச் செய்தது என்ன என்பதோடு. சில இடங்களில் கடிதம் வேண்டாம், போர்ட்டலில் இருக்கும் படிவத்தை நிரப்பினால் போதும் என்பார்கள், அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். பழைய கட்டுரையைத் திருப்பி எழுதக் கூடாது. பள்ளியிலிருந்து அரையாண்டு மதிப்பெண் போகும், ஆகவே இந்த மாதம் படிப்பை விடக் கூடாது.

தம்பி மயிலாப்பூர், உங்களிடம் ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஈ.டி. கிடைத்திருந்தாலும் உதவித்தொகை போதவில்லை என்றால் அதைக் காட்டி விலகிக்கொள்ள இடம் உண்டு, அப்பா வீட்டை விற்றே ஆக வேண்டும் என்றில்லை. பணத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் ஈ.டி. போடாமல் ஈ.ஏ. போடுவதே நல்லது, அதுவும் முன்கூட்டியே போடும் விண்ணப்பம்தான், ஆனால் கட்டுப்படுத்தாது, மே 1 வரை யோசிக்கலாம்.

எங்கள் மகளும் டிஃபர் ஆனவள்தான். அன்று இரவே நானே ஒரு கடிதம் எழுதி அவள் மேசையில் வைத்தேன். காலையில் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் கெமிஸ்ட்ரி கணக்குப் போட்டிருந்தாள்.

ஆஸ்டின் அக்கா:

ஐயா, அந்த அம்மா கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்கவில்லையே. பையன் ஏன் பேசாமல் நின்றான் என்றுதான் கேட்டார். மயிலாப்பூர்த் தம்பியும் விதிமுறை கேட்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பற்றிச் சொன்னார்.

என் மகளும் அவளுடைய தோழியும், கிண்டர்கார்டனிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே கல்லூரிக்குப் போட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. ரிசல்ட்டை எங்கள் வீட்டு சோபாவில் அருகருகே உட்கார்ந்து ஒரே நேரத்தில் திறந்தார்கள். என் மகளின் லேப்டாப்பில் பாட்டு ஆரம்பித்தது, திரையெல்லாம் வண்ணக் காகிதம் கொட்டியது. அடுத்த லேப்டாப்பில் சத்தமே இல்லை. என் மகள் ஒரு விநாடிகூடப் படிக்கவில்லை, மூடியைச் சட்டென்று சாத்தினாள், ஆனால் மூடிய பிறகும் உள்ளே அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அசையாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோழி வகுப்பில் முதல் ஐந்து சதவீதத்துக்குள் இருப்பவள், இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் உறுதி, அதைச் சொல்லித் தேற்றலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. சாப்பிட்டுப் போம்மா என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏழு பத்துக்கே "என்ன ஆச்சு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தயவுசெய்து அன்று மட்டும் யாரும் கேட்காதீர்கள், சொல்ல விரும்புகிறவர்கள் தாங்களே சொல்வார்கள்.

ஃப்ரீமான்ட் அப்பா:

நீங்கள் சொல்வது சரி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஜனவரி முதல் வாரத்தை மறக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன், பள்ளி விடுமுறையில், விண்ணப்பத்துக்கு உதவும் பள்ளி கவுன்சிலர் கிடைக்க மாட்டார்.

எடிசன் அம்மா:

இல்லை ஐயா, நீங்கள் எழுதியதும் உதவிதான், கடிதத்தை அவனே எழுதி அனுப்பிவிட்டான். இன்னும் ஏழு கல்லூரிக்குக் கட்டுரை பாக்கி.

வேறொன்று சொல்ல வந்தேன். அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன், அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தேன். "தெரியும்டி" என்றாள். வியாழக்கிழமை நான் போனை வைத்த பத்தாவது நிமிஷத்திலேயே அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான், தட்டில் தோசை இருக்கும்போதே அனுப்பியிருக்க வேண்டும். பெரியம்மா, எனக்குக் கிடைக்கவில்லை, அம்மாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை, அப்பா வந்து சொல்லட்டும், அதுவரை அம்மா சந்தோஷமாக இருக்கட்டும், நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. அக்கா அதை எனக்குப் படித்துக் காட்டினாள்.