என் டர்னிலேயே கவுன்டர்ஸ்பெல் போடலாமா?

கேள்வி:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பாத்திரமேற்று ஆடுற மேசை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிப்புத்தகம். 7ஆம் லெவல் விசார்ட் (மந்திரவாதி) தன் டர்ன்ல ஃபயர்பால்ங்கிற நெருப்பு ஸ்பெல்லை (மந்திரம்) வீசுறார். எதிரி மந்திரவாதி கவுன்டர்ஸ்பெல் (அடுத்தவர் ஸ்பெல்லை முறிக்கிற ஸ்பெல்) போட்டுத் தடுக்கிறான். விசார்டுக்கு ரியாக்‌ஷன் (அடுத்தவர் செயலுக்கு உடனே பதில் செயல் செய்யுற வாய்ப்பு) மிச்சம் இருக்கு. அதை வச்சு எதிரியோட கவுன்டர்ஸ்பெல்லை முறிக்கலாமா? டர்னுக்கு ஒரு ஸ்பெல்தான்னு டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) சொல்றார்.

பதில் 1:
தாராளமா முறிக்கலாம். 2014 புத்தகத்துல அப்படி ஒரு விதியே கிடையாது. அதுல இருக்கிறது போனஸ் ஆக்‌ஷன் (டர்ன்ல வழக்கமான செயலுக்கு மேல கிடைக்கிற சின்னச் செயல்) விதி: போனஸ் ஆக்‌ஷன்ல ஸ்பெல் போட்டா, அந்த டர்ன்ல ஒரு ஆக்‌ஷன் பிடிக்கிற கேன்ட்ரிப் (செலவில்லாம எத்தனை தடவையும் போடக்கூடிய எளிய ஸ்பெல்) தவிர வேற ஸ்பெல் கூடாது. இங்க ஃபயர்பால் ஆக்‌ஷன், கவுன்டர்ஸ்பெல் ரியாக்‌ஷன். அதே டர்ன்ல மிஸ்டி ஸ்டெப் (போனஸ் ஆக்‌ஷன்ல போடுற, இடம் மாறுற ஸ்பெல்) போட்டிருந்தா கவுன்டர்ஸ்பெல் மட்டுமில்ல, ஃபயர்பாலே செல்லாது.

எதிரி 3ஆம் லெவல் ஸ்லாட் (ஸ்பெல் போடச் செலவாகிற, லெவல் வாரியான இருப்பு) போட்டிருந்தா உங்க 3ஆம் லெவல் ஸ்லாட்டே போதும், உருட்டல் தேவையில்ல. அவன் 4ஆம் லெவல்ல போட்டிருந்தா டிசி (உருட்டல்ல எட்ட வேண்டிய எண்) 14. இன்டெலிஜென்ஸ் 18னா +4 கூடும், அதனால டி20ல (20 முகப் பகடை) 10 அல்லது அதுக்கு மேல விழணும், அதாவது 55%. புரொஃபிஷியன்சி போனஸைக் (தேர்ச்சிக்குக் கிடைக்கிற கூடுதல் எண்) கூட்டிடாதீங்க, பலரும் தப்பு பண்ற இடம் இது. இல்லன்னா அந்த லெவல்ல உங்களுக்கு இருக்கிற ஒரே 4ஆம் ஸ்லாட்டைச் செலவழிங்க.

பதில் 2:
கையையும் பாருங்க. கவுன்டர்ஸ்பெல்லுக்கு சைகை மட்டும்தான், பொருள் கிடையாது. ஒரு கையில ஃபோகஸா (ஸ்பெல்லுக்கான பொருளுக்குப் பதிலா) வச்சிருக்கிற கோல், இன்னொரு கையில கத்தின்னா ஃபயர்பால் வரும். ஏன்னா அதுக்குப் பொருள் உண்டு, கோல் பிடிச்ச கையே சைகையும் காட்டலாம். கவுன்டர்ஸ்பெல் வராது. வார் காஸ்டர் ஃபீட் (ஆயுதம் பிடிச்ச கையோடயே சைகை காட்ட விடுற தனித்திறன்) இருக்கணும், இல்ல ஒரு கை காலியா இருக்கணும்.

பதில் 3:
உங்க டிஎம் 2024 புத்தகத்தோட கலந்துட்டார்னு தோணுது. அதுல ஒரு டர்னுக்கு ஒரு ஸ்லாட் செலவழிச்சுதான் ஸ்பெல் போடலாம், அதனால இந்த வழி அடைபடும். பதிலுக்கு அங்க கவுன்டர்ஸ்பெல்லே பலவீனம்: ஃபயர்பால் போடுறவர் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் உறுதியால தப்பிக்கிற பகடை முயற்சி) உருட்டுவார், தோத்தாலும் ஸ்லாட் போகாது. எந்தப் புத்தகம்னு ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

எந்த விதியா இருந்தாலும் தூரத்தை விட்டுடாதீங்க. கவுன்டர்ஸ்பெல் 60 அடிதான் எட்டும், ஃபயர்பால் 150 அடி போகும். எதிரியிடமிருந்து 13 கட்டம் தள்ளி, 65 அடியில நின்னு வீசினா அவனால தொடவே முடியாது.